சாதிக் கட்டத்தில் என்ன போட்டீர்கள்?

கேள்வி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வயது 29, சென்னையில் ஐடி வேலை. டேட்டிங் ஆப்பில் அரசியல் கருத்து ஒத்துப்போகிறவர்களை மட்டும் வடிகட்டித் தேடி ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். பெரியார், அம்பேத்கர், சாதி ஒழிப்பு என எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே கருத்து. எட்டு மாதமாகப் பழகுகிறோம். இப்போது வீட்டில் எப்போது சொல்லப்போகிறாய் என்று நச்சரிக்கிறாள். தங்கைக்கு வரன் பார்க்கிறோம், மேட்ரிமோனி தளத்தில் விவரமெல்லாம் நான்தான் ஏற்றினேன், அந்த அலைச்சல் வேறு. கொஞ்சம் பொறு என்றால் உன் கொள்கையெல்லாம் வேஷம் என்கிறாள். கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று நம்பியது தப்பா? வேறு ஆப் பார்க்கலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, ஆப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஓகேக்யுபிட் என்ற டேட்டிங் தளம் 2004-லேயே வந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி கேட்டு, சதவீதம் போட்டுப் பொருத்தம் சொல்லும். நம் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான். அமெரிக்காவில் 2022-ல் வலதுசாரிகளுக்கென்றே 'தி ரைட் ஸ்டஃப்' என்று ஒன்று வந்தது, பீட்டர் தீல் என்ற பெரும் பணக்காரர் பணம் போட்டார். எந்தக் கட்சிக்காரர் ஆப்பாக இருந்தாலும் நீங்கள் எழுதியதைத்தான் அது நம்பும். நீங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்துவிட்டது. "விவரமெல்லாம் நான்தான் ஏற்றினேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றேன். சாதி என்ற கட்டத்தில் என்ன போட்டீர்கள்? உட்பிரிவும் போட்டீர்களா? 'சாதி தடையில்லை' என்பதில் டிக் போட்டீர்களா? போட்டிருந்தால் கடிதத்தின் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷம் கடிதம் படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அந்தப் பெண்ணை ஏன் பொறுக்கச் சொல்கிறீர்கள்? உங்கள் விஷயம் வெளியே தெரிந்தால் சொந்தத்தில் ஒருத்தரும் தங்கையைக் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயம். அப்படியானால் தங்கைக்குச் சொந்தச் சாதி மாப்பிள்ளைதான் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அவளைக் கேட்டீர்களா? சாதி ஒழிப்பு உங்களுக்கு, சாதி மாப்பிள்ளை அவளுக்கு. நல்ல பங்கீடு!

நம் பக்கத்தில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை, "எந்தத் தெரு?" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம் பதில் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த அவன் தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. அன்று நீங்களும் கொதித்துப்போய்ப் பதிவு போட்டிருப்பீர்கள். நீங்கள் நிரப்பிய அந்தக் கட்டமும் கயிறுதான் தம்பி, தங்கை கையில் நீங்களே கட்டியது.

தங்கைக்கு அண்ணன் வரன் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. அவள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கிற அண்ணன்மார்மீது எனக்குத் தனி மரியாதையே உண்டு. பழைய மனுஷி நான், வீட்டுக்குச் சொல்லாமல் ஓடுகிற காதலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அண்ணன் கடமை என்பது அவள் வாயைத் திறக்கவைத்துக் கேட்பதில் ஆரம்பிக்கிறது. அவள் சொந்தத்திலேயே பாருங்கள் என்று சொன்னால் பாருங்கள், அது அவள் இஷ்டம். அப்பா அம்மாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். ஐயர் இல்லாமல், உறவும் நட்பும் கூடியிருக்க மாலை மாற்றினாலே கல்யாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தாயிற்று. சட்டம் அத்தனை தூரம் வந்து நிற்கிறது, நீங்கள் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவளை விட்டுவிட்டு வேறு ஆப் தேடினால், எட்டு மாதம் கழித்து இன்னொருத்தி இதையே சொல்வாள்.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்து ஊருக்குப் போங்கள். தங்கையை உட்காரவைத்து, நீங்கள் ஏற்றிய பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். உங்கள் காதலையும் முதலில் அவளிடமே சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தளத்தின் பாஸ்வேர்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள். எந்தக் கட்டத்தை மாற்றினாள் என்று எனக்கு எழுதுங்கள்.