ஸ்கூலை மூடச் சொல்லிக் கையெழுத்து போடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வட கரோலினாவின் ஷார்லட்டுக்கு வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது, கணவன் மனைவி இரண்டு பேருமே எச்-1பி வேலை விசா, மகள் இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. ஆவணம் இல்லாதவர்களைப் பிடிக்கிற குடியேற்றச் சோதனைகளை எதிர்த்து ஒரு வெள்ளிக்கிழமை ஊர்வலம் நடக்கப்போகிறது என்றும், ஆசிரியர்களும் ஊழியர்களும் அதற்குப் போக வசதியாக அன்று ஸ்கூல்களை மூடச் சொல்லிப் பள்ளி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுக்கிறார்கள் என்றும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். போடலாமா, போட்டால் விசாவுக்கு வம்பா, போடாவிட்டால் கல்நெஞ்சக்காரன் என்று நினைப்பார்களா, மூடிவிட்டால் பாப்பாவை எங்கே விடுவது. இவ்வளவுதானே?

என்னைக் கேட்டால், அந்த மனுவில் போடாதீர்கள். விசாவுக்குப் பயந்து சொல்லவில்லை, அந்தக் கோரிக்கையே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் உங்கள் மகளின் டீச்சர் தன் சொந்த லீவைப் போட்டுவிட்டு ஊர்வலத்துக்குப் போனால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, போய்விட்டு வரட்டும் என்பேன். இந்த இரண்டையும் எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் குழுவில் இவ்வளவு சண்டை.

இங்கே ஸ்கூல் மூடுவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வட கரோலினாவில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். நம்மூர் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மாதிரி அறிவித்துவிட்டு எல்லாரும் வெளியே உட்கார முடியாது (நம்மூரிலும் 2003-ல் ஜெயலலிதா அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலையைவிட்டு நீக்கியது, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கில் சொன்னது, நீங்கள் அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள்). அதனால் இங்கே டீச்சர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொந்த லீவு எழுதிக் கொடுப்பார்கள். ஒரே நாளில் இரண்டாயிரம் பேர் கேட்டால் அத்தனை சப்ஸ்டிட்யூட் டீச்சர் கிடைக்க மாட்டார்கள், அப்போது நிர்வாகம் வேறு வழியில்லாமல் "அன்று வகுப்பு இல்லை" என்று மெயில் அனுப்பும். 2018 மே 16 அப்படித்தான் நடந்தது. சம்பளமும் பள்ளிகளுக்கான நிதியும் கேட்டுக் கிட்டத்தட்ட 20,000 பேர் மாநிலத் தலைநகர் ராலேயில் திரண்டார்கள், மாநிலத்தின் 115 பள்ளி மாவட்டங்களில் 40-க்கும் மேல் அன்று ஸ்கூல் இல்லை, ஷார்லட்டும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய வருஷம், 2017 மார்ச் 8 மகளிர் தினப் போராட்டத்துக்கு வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் 300-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் லீவு கேட்டதால் அந்த நகரமே பள்ளிகளை மூடியது. இந்தக் குடியேற்ற விஷயத்திலேயே 2026 ஜனவரி 30 அன்று அரிசோனாவிலும் கொலராடோவிலும் சில இடங்களில் ஆள் வர மாட்டார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே வகுப்புகளை ரத்து செய்தார்கள்.

கவனித்துப் பாருங்கள், இதில் எங்கேயும் "போராட்டத்துக்கு ஆதரவாக மூடுகிறோம்" என்று நிர்வாகம் சொல்லாது. ஆள் இல்லை, பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ள முடியாது, அதனால் மூடுகிறோம் என்பார்கள். அது வெறும் சாக்கு என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த ஊர்வலத்துக்காக அரசுப் பள்ளி மூடலாம் என்றால், நாளைக்கு எதிர்த் தரப்பினர் போர்டில் பெரும்பான்மை பிடித்ததும் அவர்கள் ஊர்வலத்துக்கும் மூடுவார்கள். இங்கே ஸ்கூல் போர்டு என்பது தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் மனு கேட்பது "ஆள் இல்லாவிட்டால் மூடுங்கள்" என்பதை இல்லை, "போக வசதியாக மூடிவிடுங்கள்" என்பதை.

இன்னொன்று. 2018-ல் அந்த மே 16 புதன்கிழமையை ஏன் பிடித்தார்கள் தெரியுமா? மாநிலச் சட்டமன்றம் அன்றுதான் கூடியது. டீச்சர் சம்பளத்தைத் தீர்மானிக்கிற ஆட்கள் அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். ஸ்கூல் மூடியதால் நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எரிச்சலோடுதான் என்றாலும் நாங்களும் எங்கள் எம்எல்ஏ ஆபீசுக்குப் போன் போட்டோம். குடியேற்றம் அப்படியா? அது முழுக்க முழுக்க வாஷிங்டன் விவகாரம். ஷார்லட் பள்ளி நிர்வாகத்தால் ஒரு சோதனையைக்கூட நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை இங்கே ஸ்கூல் பூட்டியிருந்தால் அதற்காக வாஷிங்டனில் ஒருவரும் தூக்கம் கெடப்போவதில்லை, ஆனால் சவுத் புலவார்டில் ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிற ஓர் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும்.

அந்த அம்மா யார் என்று யோசித்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. யாருக்காக ஊர்வலமோ அவர்கள்தான். நமக்கென்ன, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை, பக்கத்தில் பிள்ளை ஐபேடோடு உட்காரும். மணிக்கணக்குக் கூலிக்கு வீடு துடைக்கிறவர்களுக்கும் கூரை போடுகிறவர்களுக்கும் ஸ்கூல்தான் டேகேர். அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஸ்கூலில்தான், நம்மூர் சத்துணவை நினைத்துக்கொண்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 2018-லும் சர்ச்சுகளும் தன்னார்வலர்களும் ஓடி ஓடிச் சாப்பாடு கொடுத்தார்கள், நாங்களும் தெருவில் இருந்த நாலு வீட்டுப் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அது பிக்னிக். எல்லாருக்கும் அப்படி இல்லை.

சரி, எதிர்ப்பக்கத்தில் சொல்வதும் வெறும் உளறல் இல்லை. நீங்கள் வருவதற்கு முன்னால், 2025 நவம்பர் 15 சனிக்கிழமை, எல்லைக் காவல் படை குடியேற்றச் சோதனைக்காக இந்த ஊருக்குள் இறங்கியது. திங்கட்கிழமை மாவட்டப் பள்ளிகளில் 30,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரவில்லை, அதாவது ஐந்தில் ஒரு பிள்ளை. சென்ட்ரல் அவென்யூவில் கடை கடையாகப் பூட்டிக் கிடந்தது. யாரும் ஸ்கூலை மூடச் சொல்லவில்லை, அதுவாகப் பாதி மூடிக்கொண்டது. அன்று வகுப்பில் நின்று காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே வருகைப் பதிவு எடுத்த டீச்சர், இதை எதிர்த்து ஒரு நாள் தெருவில் நிற்க வேண்டும் என்று நினைப்பதை நான் எப்படித் தப்பு என்பேன்? படிப்பு கெடுகிறது, படிப்பு கெடுகிறது என்று குழுவில் கத்துகிற நம் ஆட்கள் பலர் அந்தத் திங்கட்கிழமை ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பனி விழும் என்று வானிலைக்காரர் சொன்னதற்கே இரண்டு நாள் மூடுகிற ஊர் இது, ஒரு வெள்ளிக்கிழமையில் யாருடைய எதிர்காலமும் முடிந்துவிடாது.

ஆனாலும் ஏன் சனிக்கிழமை வைக்கக் கூடாது? "சிரமம் இல்லாத போராட்டம் போராட்டமே இல்லை" என்பார்கள். ஆவணம் இல்லாமல் இருப்பதையே பெருங்குற்றமாக்கும் மசோதாவை 2005 டிசம்பரில் கீழவை நிறைவேற்றியது, அதை எதிர்த்து 2006-ல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் கணக்கிலேயே ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். அது மார்ச் 25, சனிக்கிழமை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கூலித் தொழிலாளிகள் வர முடிந்ததே அதனால்தான். மே 1 திங்கட்கிழமை வேலைக்கும் கடைக்கும் போகாமல் இருந்தது அதற்கு அப்புறம்தான். அந்த மசோதா செனட்டைத் தாண்டவே இல்லை. டிரம்ப் அரசை எதிர்த்து 2025 அக்டோபர் 18 நடந்த பெரிய ஊர்வலங்களும் சனிக்கிழமைதான். வார நாளில் வைத்தால் சம்பளத்தோடு லீவு இருக்கிறவர்கள் வருவார்கள், இல்லாதவர்கள் டிவியில் பார்ப்பார்கள்.

சரி, மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது, அதைத்தான் யாரும் மனுவில் எழுதவில்லை என்று எனக்கு ஆதங்கம். பாப்பாவை ஸ்கூலில் சேர்த்த நாளை நினைத்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், தடுப்பூசி அட்டையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விசா கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். டெக்சாஸில் 1975-ல் ஒரு சட்டம் போட்டு, ஆவணம் இல்லாத பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்காமலும் இருக்கலாம், கட்டணமும் கேட்கலாம் என்று ஆக்கினார்கள். டைலர் என்ற ஊரில் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 1,000 டாலர் கேட்டார்கள். நாலு குடும்பங்கள் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஜெயித்தது. ப்ளைலர் வழக்கு என்பார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம். உங்களிடம் யாரும் விசா கேட்காததற்குப் பின்னால் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

பள்ளி, ஆஸ்பத்திரி, சர்ச் போன்ற இடங்களில் பொதுவாகக் கைது நடவடிக்கை வேண்டாம் என்று இருந்த மத்திய அரசு வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். இனிமேல் அதிகாரிகள் ஸ்கூல் வாசலில் வந்து நின்றால் ரிசப்ஷனில் இருக்கிறவர் என்ன செய்வார், யாரைக் கூப்பிடுவார், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டுக்கும் அந்தத் துறையே தனக்குத் தானே எழுதிக்கொள்கிற தாளுக்கும் வித்தியாசம் தெரியுமா, பஸ் டிரைவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா, சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அம்மா வராவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும். இதெல்லாம் போர்டு கையில் இருக்கிற விஷயம். இதைக் கேட்டு ஒரு மனு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது, உங்களையும் இழுத்துப் போடச் சொல்வேன்.

"நாம் சட்டப்படி வந்தவர்கள், நமக்கு எதுக்கு இது" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் கிரீன் கார்டு வரிசையில் எந்த வருஷத்தில் நிற்கிறார் என்று மட்டும் கேளுங்கள். எச்-1பி-காரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது ஆனால் அந்த விசா போய்விடும், அதுவும் சட்டப்படி வந்த பிள்ளைதான்.

இனி விசா பயம். அமெரிக்கக் குடிமகன் இல்லாதவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று, ஹாரி பிரிட்ஜஸ் என்ற ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவரை நாடுகடத்தப் பார்த்த வழக்கில், 1945-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. நடைமுறையில் 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவி ரஞ்சனி சீனிவாசனின் விசாவை ரத்து செய்தார்கள், அவர் சில நாளிலேயே கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். 2025 டிசம்பரிலிருந்து எச்-1பி, எச்-4 ஸ்டாம்பிங் (தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா வாங்குவது) போகிறவர்கள் சோஷியல் மீடியா பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஸ்கூல் மனுவில் ஒரு கையெழுத்தால் யாரும் உங்களைத் தேடி வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊர்வலம் போவதென்றால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை: முறையாக லீவு போட்டுவிட்டுப் போங்கள், கம்பெனி பேட்ஜ், கம்பெனி டி-ஷர்ட் வேண்டாம், நாட்டுக்குள் வந்ததைக் காட்டுகிற ஐ-94 தாளை வைத்துக்கொள்ளுங்கள் (18 வயதுக்கு மேற்பட்ட நம் எல்லாரிடமும் அது எப்போதுமே இருக்க வேண்டும் என்பதே சட்டம்). போலீஸ் கலையச் சொன்னால் அடுத்த நிமிடம் வீட்டைப் பார்க்க நடையைக் கட்டுங்கள். வழக்கு தள்ளுபடி ஆனாலும் கைதானது கைதானதுதான், டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா" என்று கேட்பார்கள், அதில் பொய் எழுதினால் அது தனி வம்பு. இந்த வருஷம் ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் செய்ய வேண்டியிருந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஊர்வலத்துக்குப் போக மாட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

பாப்பா விஷயம். தனியாக விடவே விடாதீர்கள், இந்த மாநிலத்தில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போனால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஸ்கூல் லீவு நாட்களில் ஒய்எம்சிஏ மாதிரி இடங்களில் பகல் முகாம் நடத்துவார்கள், அறிவிப்பு வந்த அன்றே போன் செய்யுங்கள், சாயங்காலத்துக்குள் இடம் நிரம்பிவிடும். இல்லையென்றால் தமிழ்ப் பள்ளிக் குழுவில் இரண்டு மூன்று வீடுகளோடு பேசிக் காலை ஒருவர், மதியம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஹோட்டல் வேலைக்குப் போகிற ஏதாவது வகுப்புத் தோழியின் அம்மாவிடமும் "உங்கள் பிள்ளையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். டீச்சரிடம் "நீங்கள் போகிறீர்களா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது அவர் சொந்த விஷயம், பதில் சொல்லச் சங்கடப்படுவார்.

குழுவில் என்ன எழுதுவது என்றால், ஒன்றுமே எழுத வேண்டாம். அந்த மனுவை அனுப்பிய அம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள், "மூடச் சொல்லி என்னால் கேட்க முடியவில்லை, அதிகாரிகள் ஸ்கூலுக்கு வந்தால் என்ன நடைமுறை என்று போர்டு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்டால் நானும் வருகிறேன்" என்று. போர்டு கூட்டத்தில் முன்கூட்டியே பேர் கொடுத்தால் யாரும் பேசலாம், சில நிமிடம்தான் கிடைக்கும். நானும் வருகிறேன், எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.