விதை வங்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2030இல் நீலக்குறிஞ்சி பூக்கும்போது ஊர் இளைஞர்கள் சேர்ந்து விதை எடுத்துப் பாதுகாக்கலாம் என்றிருக்கிறோம். யாரிடம் கேட்க வேண்டும்? எவ்வளவு எடுக்கலாம்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: கேட்காமல் கை வைக்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் நீலக்குறிஞ்சி 3ஆம் அட்டவணையில் இருக்கிறது. காட்டில் அதைப் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். ஆராய்ச்சிக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையோடு சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. பூத்த பிறகு மனு எழுத உட்கார்ந்தால் அனுமதி வருவதற்குள் காய் வெடித்துவிடும். ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

மலைக்கு இரண்டு தடவையாவது போக வேண்டும். முதல் தடவை பூத்திருக்கும்போது. குறிஞ்சி வகைகள் பல உண்டு. பூ உதிர்ந்தபின் எது எது என்று பிரிப்பது கஷ்டம். படம் எடுத்து, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, செடியில் அடையாளம் கட்டுங்கள். அனுமதியில் இடமிருந்தால் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து வையுங்கள். அடுத்தது காய் முற்றும் சமயம். பச்சைக் காயைப் பறித்து வீட்டில் பழுக்கவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முற்றாத விதை முளைத்தாலும் சேமிப்பில் நீடிக்காது. முற்றிய காய் தானே வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். அதனால் காய் பழுப்பேறத் தொடங்கியதும் கதிரின் மேல் மல் துணிப் பையை மாட்டி, வாயை லேசாகக் கட்டிவிடுங்கள்.

பறிக்கும் முன் பத்து விதையைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, நிறைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பொக்காகவோ புழு தின்றதாகவோ இருந்தால் அந்தச் சரிவை விட்டுவிட்டு வேறு சரிவைப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் விதை வங்கிகளின் பொது விதி, அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது. குறிஞ்சிக்கு அதுவே அதிகம் என்பது எங்கள் எண்ணம். மற்றச் செடி அடுத்த வருடமும் காய்க்கும். இது 12 வருடத்துக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டதும் பட்டுப்போகிறது. அந்த மண்ணில் விழும் விதைதான் அடுத்த தலைமுறை முழுவதும். 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அதையும் பாதையோரத்துப் புதரிலிருந்து மட்டும் உருவாமல், சரிவு நெடுகக் குறைந்தது 50 செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு மலையின் விதையை இன்னொரு மலையின் விதையோடு கலக்க வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே வருடத்தில் பூப்பதுமில்லை.

கேள்வி: விதையை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் போதாதா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: குளிரைவிட முக்கியம் விதையை நன்றாகக் காயவைப்பது. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதேபோல இரட்டிப்பாகும். காயாத விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுவைக் கிழித்துவிடும்.

பெரிய வங்கிகளில் 15 டிகிரி வெப்பம், 15 சதவீதக் காற்று ஈரப்பதம் உள்ள அறையில் சில வாரம் உலர்த்திவிட்டு, மைனஸ் 18 அல்லது 20 டிகிரியில் வைக்கிறார்கள். வீட்டில் செய்வதானால் ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி, விதையின் எடைக்குச் சமமாக சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சிறிய ஈரமானி. விதையைத் துணிப்பையில் போட்டு ஜெல்லின் மேல் வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் மாற்ற வேண்டும். நீல நிறத்தில் விற்பதில் கோபால்ட் இருக்கிறது, வாங்காதீர்கள். ஈரமானி 15க்கும் 20க்கும் நடுவில் சில நாள் அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தகரத்தின் மேல் பரப்பி உச்சி வெயிலில் காயவைப்பது வேண்டாம். ஈர விதை சூட்டில் வெந்துவிடும். தண்ணீரில் அலசியும் சுத்தம் செய்யாதீர்கள். குறிஞ்சி சேர்ந்த ஆடாதோடைக் குடும்பத்தில் பல செடிகளின் விதை நனைந்தால் கொழகொழவென்று ஊறி ஒட்டிக்கொள்ளும். சல்லடையும் முறமும் போதும்.

காய்ந்ததும் அலுமினியப் படலப் பைகளில் சிறிது சிறிதாகப் பிரித்து, சூட்டில் ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் நுழையும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையை உடனே பிரித்தால் விதை மேல் பனி வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண். ஒரு ராத்திரி வெளியில் வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

கேள்வி: செங்காந்தள் விதைக்கும் இதே முறையா? ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: உலர்த்தும் முறை அதேதான். முளைக்காததற்குக் காரணம் விதை உறக்கம், அதாவது உயிரோடிருந்தும் விதை உடனே முளைக்காமல் காத்திருக்கும் நிலை. செங்காந்தளுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் உயிரைக் கொல்லும் நஞ்சு. ஜாடியின் மேல் ‘விஷம்’ என்று எழுதி, சமையலறை ஃப்ரிட்ஜ் அல்லாத வேறொன்றில் வையுங்கள்.

கேள்வி: எல்லா விதையையும் இப்படி வைக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: முடியாது. மா, பலா, மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தாலே செத்துவிடும். அவற்றை நாற்றாகத்தான் காப்பாற்ற வேண்டும். தெரியாத செடியானால் கொஞ்சம் விதையை மட்டும் உலர்த்தி, உலர்த்தாததோடு சேர்த்து முளைக்கவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வைத்த விதை உயிரோடிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? (ஈரோடு வாசகர்)

பதில்: வைக்கும் முன் 100 விதையை, 25 வீதம் நான்கு தட்டுகளில், ஈரத் தாளில் முளைக்கவிட்டு எண்ணிக்கையை எழுதி வையுங்கள். பத்து வருடத்துக்கொரு முறை திரும்பச் சோதியுங்கள். முதல் எண்ணிக்கையில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். குறிஞ்சியில் அந்தப் புது விதை கைக்கு வர 12 வருடம் பிடிக்கும். ஆகவே அதற்கு ஐந்து வருடத்துக்கொரு சோதனை வையுங்கள். விதை குறைவென்றால் தட்டுக்குப் பத்துப் போதும். சேமிப்பையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். மின்சாரம் போய் ஃப்ரீசர் நின்றால் இரண்டும் சேர்ந்து போகாது. வெளிநாட்டு வங்கிக்கு அனுப்ப நினைத்தால், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வாங்காமல் தபாலில் சேர்க்காதீர்கள்.