சிறிய தொண்டு அமைப்புக்கு நிர்வாகச் செலவுக்கென்று யாராவது மானியம் தருவார்களா? தந்தால் வாங்கலாமா?

தருவார்கள். வாங்குங்கள். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணத்தை ஆபீசுக்குச் செலவழிப்பது உறுத்துகிறது" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த உறுத்தலோடு ஏழு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அதனால் கொஞ்சம் நீளும்.

உங்கள் நிலைமையும் எங்களுடையது மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து அறங்காவலர்கள், அதில் மூன்று பேர் கையெழுத்துக்கு மட்டும். ஆடிட்டர் கூப்பிட்டால் பில்களை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு ஓடுவது. மினிட்ஸ் நோட்டை மார்ச் கடைசியில் உட்கார்ந்து, பேனா நிறத்தை மாற்றி மாற்றி மொத்தமாக எழுதுவது. நீங்கள் அப்படியில்லை என்றால் மன்னியுங்கள், நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

திண்டிவனம் பக்கம் ஒன்பது கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். வருஷத்துக்கு ஏறக்குறைய 28 லட்சம் செலவு, சம்பளப் பட்டியலில் பதினொரு பேர். எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ரசீது போடுவது, கரண்ட் பில் கட்டுவது, வங்கிக்குப் போவது, நன்கொடையாளருக்கு போட்டோ அனுப்புவது எல்லாமே நான்தான். அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. "எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது, ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளுக்கே" என்று நோட்டீசில் அச்சடித்தோம். உண்மையில் என் சம்பளம் ஆசிரியர் மதிப்பூதியத் தலைப்பில் உட்கார்ந்திருந்தது. (மோசடி என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: நான் வாரத்தில் நாலு நாள் பாடமும் எடுத்தேன். ஆடிட்டருக்கும் தெரியும்.)

2021 நவம்பரில் எனக்கு டெங்கு வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. வங்கி ஓடிபி என் போனுக்கு மட்டும்தான் வரும், பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. சம்பளத் தேதி தாண்டிவிட்டது. எங்கள் மையத்து டீச்சர் ஒருத்தி, கணவன் இல்லாதவள், வார்டுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "அக்கா, உடம்பு தேறட்டும், அவசரம் இல்லை" என்றாள். அவசரம் இல்லாதவள் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருவாளா? ட்ரிப்ஸ் ஏறிய கையோடு செக்கில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கையெழுத்து வேண்டுமே! இன்னொருவர் அப்போது மகன் வீட்டுக்கு பெங்களூர் போயிருந்தார்.

அதிலிருந்தும் நான் பாடம் கற்கவில்லை. அடுத்த அடி 2022இல் விழுந்தது. 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) வைத்திருக்கும் அமைப்புகள் நன்கொடையாளர் பட்டியலை பான் எண்ணோடு படிவம் 10பிடியில் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும் என்று வந்த முதல் வருஷம் அது. கடைசி நாள் மே 31. அதைப் போட்டால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர முடியும், அது இருந்தால்தான் அவருக்கு வரிச் சலுகை. எங்களிடம் 63 பேர் பட்டியல் ஒரு நீள நோட்டில் பாதி, வாட்ஸ்அப்பில் பாதி. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு பான் கேட்டு முடிக்க ஜூன் 19 ஆகிவிட்டது. நாளுக்கு 200 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் 3,800. அது கூடப் போகட்டும். 25,000 கொடுத்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா" என்றார். அடுத்த வருஷம் கொடுக்கவும் இல்லை.

சரி, மானியத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு குடும்ப அறக்கட்டளை எங்களுக்கு ஏற்கெனவே நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பார்வையிட வந்த அம்மா பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு, நேராக ஆபீஸ் பீரோவைத் திறக்கச் சொன்னார். "நாளைக்கு நீங்க இல்லைன்னா இதுல எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். டெங்கு கதையைச் சொன்னேன், அழுதும் தொலைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர்களே, நோட்டுப் புத்தகத்துக்கு இல்லை, நிர்வாகத்துக்கென்றே விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள்.

2023 ஏப்ரல் முதல் இரண்டு வருஷம், மொத்தம் 6 லட்சம். அதில் 3,84,000 ஒரே ஒரு ஆளுக்கு: பி.காம் முடித்த உள்ளூர்ப் பெண், மாதம் 16,000, கணக்கு மட்டும் பார்க்க. மீதியில் டேலி என்கிற கணக்கு மென்பொருள், ஒரு லேப்டாப், அப்புறம் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை எழுத உதவி. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் புகாருக்கு உள்ளகக் குழு வைக்க வேண்டும் என்ற 2013 சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்பதே அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷம் குழு இல்லாமலே ஓட்டியிருக்கிறோம்.

முதல் ஆறு மாதம் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. "அக்கா, இந்த 340 ரூபாய்க்கு வவுச்சர் எங்கே?" என்று என்னையே கேட்பாள். ஆட்டோக்காரர் வவுச்சரா தருவார்? ஆனால் இரண்டாம் வருஷம் ஒரு கம்பெனி மூன்று வருஷத் தணிக்கை அறிக்கையும் மையவாரியான செலவும் கேட்டபோது, மதியச் சாப்பாட்டுக்குள் அனுப்பிவிட்டாள். முன்பெல்லாம் அதற்கு எனக்கு ஒரு வாரமும் ஒரு சண்டையும் ஆகும். அந்தக் கம்பெனி 9 லட்சம் தந்தது.

அந்தக் கம்பெனியிடமும் ஒரு வருத்தம் உண்டு. "நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி தர முடியாது" என்றார்கள். சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) விதியில் அந்த 5 சதவீத உச்சவரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கு. வேலை செய்யும் அமைப்பின் செலவுக்கு அது பொருந்தாது என்று அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கு நிஜமாகவே சட்டத்தில் வரம்பு உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்துவிட்டார்கள். பெரிய அமைப்பின் நிழலில் இருந்த சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அறங்காவலர் ஒருவர் இறந்துபோனார், வங்கியில் அவர் பெயரை எடுக்க வேண்டும். ஐந்து மாதம்! தீர்மானம் கொடுத்தால் அசல் பத்திரம் கேட்பார்கள், பத்திரம் கொண்டுபோனால் மேனேஜர் மாறியிருப்பார். ஒரே கடிதத்தை நான்கு முறை கொடுத்தேன். கடைசியில் இறந்தவரையே நேரில் வரச்சொல்லி ஒரு ஊழியர் கேட்டார். படித்துவிட்டுச் சிரிப்பீர்கள், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

எங்கே கேட்பது என்றால்: எடெல்கிவ் அறக்கட்டளை 2021இல் தொடங்கிய குரோ ஃபண்ட் இதற்கென்றே 100 அமைப்புகளுக்கு 100 கோடி என்று வந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் பில்டு திட்டமும் இந்த ரகம்தான், அது நம் உயரத்துக்கு இல்லை. என் அனுபவத்தில், ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்பதுதான் எளிது. "நிர்வாகத்தை மேம்படுத்த" என்று எழுதாதீர்கள், யாருக்கும் புரியாது. 10பிடி 19 நாள் தாமதம், சம்பளம் நின்றது, கணக்குக்கு ஆள் இல்லை என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். மானியப் பணம் நின்ற பிறகு கணக்காளர் சம்பளத்துக்கு என்ன வழி என்பதையும் அன்றைக்கே யோசியுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை. 2025 மார்ச்சோடு மானியம் முடிந்தது. இப்போது ஒவ்வொரு திட்ட பட்ஜெட்டிலும் கணக்காளர் சம்பளத்தில் ஒரு பங்கைச் சேர்க்கிறோம். இரண்டு பேர் அந்த வரியை அடித்துவிட்டார்கள், ஒருவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள்.

தலைமையாசிரியர் ஐயாவின் பான் எண்ணைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்ததும் அவள் பார்த்த வேலைதான். சான்றிதழை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் இன்னும் நன்கொடை தரவில்லை. காபி கொடுத்தார்.