பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதுக் கணினியில் மாட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பிலிருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். பட்டையான ரிப்பன் கேபிள் செருகுகிற மாதிரி இருக்கிறது. புதுக் கணினியில் அதற்கு இடமே இல்லையே, சார்?

பதில்: இருக்காது. அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை, 40 பின். 2003 வாக்கில் சாட்டா என்ற புது இணைப்பு வந்ததும் மெல்ல மறைந்துபோன வகை. யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்குங்கள். கூடவே கரண்டுக்குத் தனி அடாப்டரும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான்.

மாட்டும் முன் டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் ஜம்பரை, அதாவது இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பியைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் முதலாவது மாஸ்டர், இரண்டாவது ஸ்லேவ். பழைய கணினியில் அது ஸ்லேவாக இருந்திருந்தால் மாஸ்டருக்கு மாற்றுங்கள். எந்த இடத்தில் போடுவது என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் இருக்கும். அடுத்து கரண்ட் தரும், நான்கு ஒயர் உள்ள மோலெக்ஸ் பிளக். அதன் இரண்டு மூலைகள் சீவியிருக்கும், அதைப் பார்த்துச் செருகுங்கள். மஞ்சள் ஒயரில் 12, சிவப்பில் 5. பலம் போட்டுத் தலைகீழாகத் திணித்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 பாயும், டிஸ்க்கின் போர்டு அங்கேயே கருகும். முதலில் கரண்ட், டிஸ்க் சுற்றி நிதானமானதும் யுஎஸ்பி.

அப்புறம் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும்.

கேள்வி: என்னுடையது லேப்டாப் டிஸ்க். பின்கள் மிகச் சிறியவை.

பதில்: 44 பின். கரண்டும் அதிலேயே வரும், 5 வோல்ட் போதும். பக்கத்தில் தள்ளி நிற்கும் நான்கு பின்கள் ஜம்பருக்கானவை. கனெக்டரை அவற்றின் மேல் நகர்த்திச் செருகிவிடாதீர்கள்.

கேள்வி: 3.5 அங்குல டிஸ்க், யுஎஸ்பி ஒயர் மட்டும் மாட்டினேன். சத்தமே இல்லை.

பதில்: 12 வோல்ட். மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டிஸ்க் சுற்றுகிறது, கணினியில் தெரியவில்லை. ஜம்பர் மாஸ்டரில்தான் இருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல்.

பதில்: நல்ல கேள்வி. அந்த நிறுவனத்தின் பழைய டிஸ்க்குகள் பலவற்றில் மாஸ்டர் என்றால் "கூட ஒரு ஸ்லேவ் இருக்கிறது" என்று அர்த்தம். தனியாக இருக்கும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டக் டக் என்று சத்தம் வருகிறது. ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: வைக்காதீர்கள். கரண்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு டக்கிலும், படித்து எழுதும் முனையான ஹெட், தகவல் பதிந்திருக்கும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: நான் ஃப்ரீசரில் வைத்துத்தான் எடுத்தேன். எல்லா ஃபைலும் வந்தது. அனுபவிக்காமல் பேசக்கூடாது.

பதில்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். மிகப் பழைய டிஸ்க்குகளில் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் கோளாறு இருந்தது. குளிரில் உலோகம் சுருங்கி எப்போதாவது விடுபட்டிருக்கலாம். உங்களுடையது அந்த ரகமாக இருந்திருக்கும்.

கேள்வி: காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால்?

பதில்: பைக்குள் இருக்கும் காற்றிலும் ஈரம் உண்டு. டிஸ்க் மூடியில் ஒரு பொடித் துளி ஓட்டை இருக்கும், அழுத்தத்தைச் சமன் செய்ய. அதன் வழியே ஈரம் உள்ளே போகும், தட்டில் பனி படியும். ஹெட் பறப்பது தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த உயரத்தில். பனித்துளி அதற்கு மலை. ஃப்ரீசர் பேச்சு இத்தோடு போதும்.

கேள்வி: ஃபார்மட் செய்யச் சொல்கிறது. செய்துவிட்டுப் பிறகு மீட்கலாமா?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி. மேக்கிலோ லினக்ஸிலோ ஓடிய டிஸ்க்காக இருந்தால், நல்ல நிலையில் இருந்தாலும் விண்டோஸ் இப்படித்தான் கேட்கும்.

கேள்வி: பெட்டி உடைந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மாட்டினேன். காலி என்கிறது.

பதில்: காலியாக இருக்க வேண்டியதில்லை. சில பெட்டிகளில் இருக்கும் சின்ன போர்டு, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் எழுதும்போதே ரகசியக் குறியீடாக மாற்றி (என்கிரிப்ட்) விடும். அந்த போர்டு இல்லாமல் பார்த்தால் வெறும் குப்பையாகத்தான் தெரியும். உடைந்த பெட்டியை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்த போர்டையே திரும்ப மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

பதில்: பழைய விண்டோஸ் பயனரின் பூட்டு. உரிமையை மாற்றலாம், ஆனால் அது டிஸ்க்கில் எழுதும் வேலை. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்து நகலெடுங்கள்.

கேள்வி: 34 பின்னில் ஒன்று, 20 பின்னில் ஒன்று என இரண்டு ரிப்பன்.

பதில்: ஐடிஇக்கும் முந்தியது. என் அடாப்டர்கள் எதுவும் உதவாது. பழங்கணினி சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சார், 3.5 அங்குல டிஸ்க்குக்கு இரண்டு யுஎஸ்பி போர்ட்டைச் சேர்த்தால் கரண்ட் போதுமா?

பதில்: ஐந்தும் ஐந்தும் சேர்ந்தாலும் அங்கே ஐந்துதான்.