விசைப்பலகை திறந்தால் பின்னணிப் படம் ஏன் சுருங்குகிறது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "காவடி எடுப்பவர்கள் பெயர் பதிய ஃப்ளட்டரில் (செயலி உருவாக்கும் கருவி) ஒரு செயலி செய்கிறேன். பின்னணியில் கோர் தெ கார்த் மலையடிவாரக் கோவிலின் படம். பெயர் எழுத விசைப்பலகை திறந்ததும் படம் சுருங்கிவிடுகிறது. சரிசெய்ய ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இது ஐந்து நிமிட வேலை.

விசைப்பலகை மேலே வந்தால், ஸ்காஃபோல்டு, அதாவது ஒரு திரையின் சட்டகம், தன் பாடிக்குள் (நடுப்பகுதிக்குள்) உள்ளதை எல்லாம் மிச்சமுள்ள இடத்துக்குள் அடக்கும். படமும் அங்கே இருப்பதால் அதுவும் அடங்குகிறது. படம் வைத்த கன்டெய்னர் என்ற உறையை வெளியே எடுத்து, அதற்குள் ஸ்காஃபோல்டை வையுங்கள். ஸ்காஃபோல்டின் பின்னணி நிறத்தை டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் படம் மறைந்துபோகும். படத்தின் ஃபிட்டுக்கு, இடம் முழுவதையும் நிரப்பும் பாக்ஸ்ஃபிட் கவர். சரி, அவ்வளவுதான்.

விசைப்பலகைக்கு இடம்விட்டுச் சுருங்கச் சொல்லும் 'ரீசைஸ் டு அவாய்ட் பாட்டம் இன்செட்' என்ற ஸ்காஃபோல்டு அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொல்பவர்கள் உண்டு. படம் அசையாது, உண்மை. எழுதும் பெட்டியும் அசையாதே! அடியில் உள்ள தொலைபேசி எண் பெட்டி விசைப்பலகைக்குப் பின்னால் போய்விடும். தட்டுவது என்னவென்று தெரியாமல் ஒரு பாட்டி தட்டிக்கொண்டிருப்பார். திரையின் மேல்பாதியில் ஒரே ஒரு பெட்டி என்றால் செய்யலாம். அப்போதும் கைபேசியைப் படுக்கவைத்துப் பாருங்கள், அதுவும் மறையலாம். நாளைக்கு இரண்டாவது பெட்டி சேர்த்தால் பழைய தொல்லைதான்.

கேமராவில் எடுத்த படத்தை அப்படியே போடாதீர்கள். 4000க்கு 3000 புள்ளிப் படம், கோப்பு சிறியதாக இருந்தாலும், முழு அளவில் விரிந்தால் நினைவகத்தில் சுமார் 48 எம்பி பிடிக்கும். அகலத்தை 1080க்குக் குறையுங்கள். படத்தின் பெயரை, செயலிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பில் எழுதும்போது ஓர் இடைவெளி பிசகினாலும் படம் வராது. இத்தனை ஆண்டாகியும் இதை எளிதாக்க யாருக்கும் மனம் வரவில்லை!

இனி பணம் கேட்கும் அந்த ஆள். படத்தைத் தன் சர்வரில் வைத்து மாதக் கட்டணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வந்த ஒரு கோவில் குழு அப்படித்தான் மாட்டியிருந்தது. பணம் நின்றதும் திரை வெள்ளையாகிவிட்டது. படம் செயலிக்குள்ளேயே இருக்கட்டும். "பிளே ஸ்டோரில் என் கணக்கில் ஏற்றித் தருகிறேன்" என்றாலும் வேண்டாம், அப்புறம் செயலி அவருடையதாகிவிடும். அங்கே பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். கோவிலின் பெயரிலேயே கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைக் குழுவில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.