கணினி கேள்வி-பதில்: தொடாத பட்டியலில் ஜொகூர் வருவது ஏன்?

கேள்வி: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களுக்காக இணையப் படிவம் தயாரித்தேன். மாநிலப் பட்டியலைத் தொடாதவர்கள் எல்லாரும் ஜொகூர் என்று பதிவானார்கள். மேலே 'தேர்ந்தெடுக்கவும்' என்ற வரியைச் சேர்த்து, கட்டாயம் நிரப்ப வைக்கும் ரிக்வயர்டும் (required) போட்டேன். இப்போது அந்த வரியே மாநிலமாகப் பதிவாகிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: செலக்ட் (select) பட்டியலில் எதையும் குறிப்பிடாவிட்டால், முதல் ஆப்ஷனை, அதாவது முதல் வரியை, பிரவுசரே தேர்ந்துகொள்ளும். உங்கள் வரிசையில் முதலில் நின்றது ஜொகூர்.

அடுத்த சிக்கல், படிவத்தைப் பெறும் கணினிக்கு (சர்வருக்கு) அனுப்பப்படும் மதிப்பான வேல்யூவில் (value) இருக்கிறது. ஓர் ஆப்ஷனுக்கு வேல்யூ எழுதாவிட்டால், திரையில் தெரியும் சொல்லே அதன் வேல்யூ ஆகிவிடும். ரிக்வயர்ட் பார்ப்பதோ வேல்யூ காலியா என்பதை மட்டுமே. 'தேர்ந்தெடுக்கவும்' காலி இல்லையே! அந்த வரிக்கு வேல்யூ கொடுத்து, சமக்குறிக்குப் பின் இரட்டை மேற்கோள் குறிகளை ஒட்டிப் போடுங்கள்: value="". நடுவே ஓர் இடைவெளி விழுந்தாலும் படிவம் சோதனையைத் தாண்டிப் போய்விடும். அந்த வரியை மறுபடி தேர்ந்தெடுக்க முடியாதபடி டிஸேபிள்ட் (disabled) சேர்க்கலாம். ஆனால் கூடவே, தொடக்கத்தில் அந்த வரியே தேர்வாகியிருக்கச் செய்யும் செலக்டட் (selected) போட மறக்காதீர்கள். மறந்தால் பிரவுசர் அதைத் தாண்டி அடுத்த ஆப்ஷனுக்குப் போகும், மறுபடியும் ஜொகூர்தான்.

மாநிலப் பெயரையே வேல்யூவாக வைப்பதைவிடக் குறியீடு நல்லது: ஜொகூர் 01, பினாங்கு 07, கோலாலம்பூர் 14. மலேசிய அடையாள அட்டை எண்ணின் நடுவில் பிறந்த மாநிலத்தைக் காட்டும் அதே எண்கள் இவை. நாளை பினாங்கை 'புலாவ் பினாங்' என்று மலாய்ப் பெயரில் மாற்றி எழுதினாலும் பழைய பதிவுகள் குழம்பாது. 13 மாநிலங்களை ஒன்றாகவும் 3 கூட்டரசுப் பிரதேசங்களை ஒன்றாகவும் ஆப்ஷன்களைக் குழுவாக்கும் ஆப்ட்குரூப்பில் (optgroup) பிரித்தால் தேடுவது எளிது.

செலக்டுக்கு நேம் (name) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐடி (id) மட்டும் இருந்தால் அருகில் தெரியும் தலைப்பான லேபிளோடு (label) இணையும், ஆனால் சர்வருக்கு எதுவும் போகாது. பிரவுசரின் சோதனையை யாரும் தாண்டிவிடலாம். வந்த குறியீடு உங்கள் 16 குறியீடுகளுக்குள் இருக்கிறதா என்று சர்வரிலும் கட்டாயம் சரிபாருங்கள்.

கேள்வி: தொண்டு செய்யும் நாள்களைக் கேட்க, பலவற்றைத் தேர்ந்தெடுக்க விடும் மல்டிபிள் (multiple) போட்டேன். மூன்று நாள் தேர்ந்தெடுத்தாலும் கடைசி நாள் மட்டுமே வருகிறது. சர்வரில் பிஎச்பி (PHP) நிரல்மொழி பயன்படுத்துகிறேன்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நேமின் கடைசியில் திறந்து மூடிய சதுர அடைப்புக்குறி [] சேருங்கள். அது இல்லாவிட்டால் பிஎச்பி ஒவ்வொரு மதிப்பையும் முந்தியதன்மேல் எழுதிவிடும். ஆனாலும், மல்டிபிள் பட்டியலில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நாலைந்து நாள்தான் என்றால் செக்பாக்ஸ் வையுங்கள்; அதற்கும் அதே அடைப்புக்குறி தேவை.