தோற்கிறவரும் அடுத்த வாரம் வர வேண்டும்

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் ஊர் பூல் பார்லர் ஒன்றில் எட்டுப் பேர் சேர்ந்து எயிட் பால் ஆடுகிறோம். இப்போது அதே டேபிளில் ஆடும் இன்னொரு வகையான ஸ்ட்ரெய்ட் பூல் மீது ஆசை வந்திருக்கிறது. பக்கத்தில் சேருவதற்கு லீக் எதுவும் கண்ணில் படவில்லை. நாமே தொடங்கலாம் என்றால், "எப்படியும் அந்த ரெண்டு பேர்தானே ஜெயிக்கப் போறாங்க" என்று மற்றவர்கள் நழுவுகிறார்கள். ஒரு ஆட்டம் முடியவே நள்ளிரவு ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எட்டுப் பேர் இருக்கிறீர்கள், டேபிளும் இருக்கிறது. அப்புறம் எதற்கு வேறு லீக்கைத் தேடி அலைய வேண்டும்? நீங்களே தொடங்குங்கள். ஆனால் நழுவுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு வழி செய்யுங்கள்.

ஸ்ட்ரெய்ட் பூல் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அடிக்கும் வெள்ளைப் பந்து தவிர மொத்தம் பதினைந்து பந்து. எந்தப் பந்தையும் எந்தப் பாக்கெட்டிலும் போடலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி, பேசி வைத்த இலக்கை முதலில் தொடுகிறவர் ஜெயித்தவர். பதினான்கு பந்து போனதும் மிஞ்சிய பந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முக்கோணத்தின் முனை காலியாக இருக்கும்படி மற்றதை மறுபடி அடுக்குவார்கள். தவறவிடும் வரை ஒருவரே அடித்துக்கொண்டு போகலாம். அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனி 1954-ல் இப்படித் தொடர்ந்து 526 பந்து போட்டார். 2019-ல் ஜான் ஷ்மிட் 626, 2022-ல் ஜேசன் ஷா 714 என்று அதைத் தாண்டினார்கள். ஆட்டத்தின் அழகே இதுதான். உங்கள் நண்பர்களின் பயமும் இதுதான்: ஒருவர் அடிக்க, மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

அதனால் எல்லோருக்கும் ஒரே இலக்கு வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் லீக் என்று சொல்லாமல் சும்மா ஆடுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை முறை டேபிளுக்கு வந்தார், எத்தனை பந்து போட்டார் என்று குறித்து வையுங்கள். ஒரு முறைக்குச் சராசரி நான்கு போடுகிறவருக்கு இலக்கு 60 என்றால், இரண்டு போடுகிறவருக்கு 30 போதும். மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து இலக்கை மாற்றுங்கள். அந்தத் தாள் எல்லோர் கண்ணிலும் படும்படி பார்லர் சுவரில் இருக்கட்டும். இதை இலவசமாகக் கொடுத்த புள்ளி என்று யாராவது கிண்டல் செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 30-க்கு ஆடுகிறவர் பதற்றமில்லாமல் ஆடினால்தான் ஆறே மாதத்தில் 40-க்கு ஆடுவார்.

நேரத்துக்கு வருவோம். ஆளுக்கு இருபது முறை என்று வரம்பு வையுங்கள். அதற்குள் யாரும் இலக்கைத் தொடவில்லை என்றால், தன் இலக்கில் அதிகப் பங்கு எடுத்தவர் ஜெயித்தவர். 60-க்கு 45 எடுத்தவர் முக்கால் பங்கு வந்திருக்கிறார். 30-க்கு 24 எடுத்தவர் எண்பது சதவீதம் வந்துவிட்டார், ஆட்டம் அவருக்கு. எட்டுப் பேர் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோத மொத்தம் 28 ஆட்டம், ஆளுக்கு ஏழு. ஷிப்ட் மாறுகிறவர்கள் இருப்பதால் வாரத்துக்கு ஒரு சுற்று என்று நெருக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒன்று வையுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் தன் ஆட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடலாம்.

சண்டை வரும் இடம் ஃபவுல். எயிட் பால் பழக்கத்தில் ஃபவுல் ஆனதும் வெள்ளைப் பந்தைக் கையில் எடுக்க எல்லோருக்கும் கை நீளும். இங்கே அப்படி இல்லை. ஒரு புள்ளி கழியும், வெள்ளை நின்ற இடத்தில் இருந்தே எதிராளி ஆட வேண்டும். வெள்ளை பாக்கெட்டில் விழுந்தால் மட்டும்தான் தொடக்க அடி அடிக்கும் கோட்டுக்குப் பின்னால் வைத்து ஆடலாம். தொடர்ந்து மூன்று ஃபவுல் என்றால் இன்னும் 15 புள்ளி போகும். தொடக்க அடியையும் முரட்டுத்தனமாக அடிக்கக் கூடாது. அடுக்கிய பந்துகள் கலைந்தால் எதிராளிக்குக் கொண்டாட்டம். வெள்ளையும் குறைந்தது இரண்டு பந்துகளும் குஷனை, அதாவது டேபிளின் ஓரத் தடுப்பைத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு புள்ளி கழியும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எட்டுப் பேரும் படித்த பிறகே முதல் ஆட்டம் தொடங்கட்டும்.

ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஒரு உபாயம். ஃபவுலைச் சேர்க்காமல் இரண்டு பேர் போட்ட பந்துகளையும் கூட்டினால், ஒவ்வொரு முறை அடுக்கும்போதும் 14, 28, 42 என்றுதான் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள். அடுத்த அடுக்கு தொடங்கிவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பார்லர்காரரிடம் கேட்டு, முக்கோணம் வைக்கும் இடத்தைச் சுற்றித் துணியில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பந்து கோட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற வாக்குவாதமே வராது. புதியவர்களுக்கும் அந்தக் கோடு உதவும். டேபிளில் நான்கைந்து பந்து மிச்சம் இருக்கும்போதே, கோட்டுக்குச் சற்று வெளியே நிற்கும் பந்தைக் கடைசிக்கு என்று விட்டுவைக்கச் சொல்லுங்கள். மறுபடி அடுக்கிய பிறகு அதைப் போட்ட வேகத்தில் வெள்ளை அடுக்கில் மோதிக் கலைக்கும், ஆட்டம் கையை விட்டுப் போகாது.

பந்தயப் பணம் மட்டும் வேண்டவே வேண்டாம். நூறு ரூபாய்தானே என்று தொடங்குவார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் அதில் இரண்டு வாரம் தோற்றால் வருவதை நிறுத்திவிடுவார், உங்களுக்கு ஒரு நண்பரும் குறைவார். டேபிள் வாடகையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்து, மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பேசினால் பார்லர்காரரும் விலையைக் குறைப்பார்.

முதல் சுற்று முடிந்ததும் ஸ்கோர் தாள்களை எனக்கு அனுப்புங்கள். இலக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.